டெமோ ஓடலையா? ரேம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஜூன் மாதம் செங்கோட்டைக்கு இரண்டு சீசன் ஒன்றாக வரும். ஒன்று குற்றாலச் சாரல், இன்னொன்று ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட். கம்ப்யூட்டர் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் என்ற கடை 2021 ஜூனில் இந்தப் பெயரோடு தொடங்கிய டெமோத் திருவிழா இது. வருடத்துக்கு மூன்று தடவை, பிப்ரவரி, ஜூன், அக்டோபரில் ஒரு வாரம் நடக்கும். இன்னும் வெளிவராத சின்ன ஸ்டுடியோ கேம்களைக் காசில்லாமல் கொஞ்ச நேரம் விளையாடிப் பார்க்கலாம். குற்றாலத்துப் பழக்கடையில் ஒரு பலாச்சுளையைக் கையில் கொடுத்து, "சாப்ட்டுப் பாருங்க, பிடிச்சா வாங்குங்க" என்பார்களே, அந்தக் கதைதான்.

நான் கேரள எல்லையை ஒட்டிய புளியரை போகிற ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த வாரம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து எஸ்டேட் லயங்களிலிருந்துகூட பையன்கள் சிபியுவைத் துண்டில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வருவார்கள். "சேட்டா" என்று ஆரம்பித்து, நான் தமிழ் என்று தெரிந்ததும் "அண்ணே" ஆகிவிடும். கேள்வி மட்டும் மாறாது: "ரேம் மாத்தணுமாண்ணே?"

பெரும்பாலும் வேண்டாம். காசு செலவாகாத காரணம் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் காசு கேட்கிற காரணத்துக்குப் போவேன். கீழே இருப்பதும் அதே வரிசைதான். தலைப்புகள் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் வார்த்தைகள். உங்கள் வாயில் எது வருகிறதோ அங்கே போங்கள். போகும் முன் ஒன்று மட்டும்: திரையில் வரும் பிழைச் செய்தியை மூடிவிடாமல் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு" என்பதை வைத்து என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

"டெமோ இருக்குன்னாங்க, பட்டனையே காணோம்"

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். விழா தொடங்குவதும் முடிவதும் அமெரிக்கப் பசிபிக் நேரப்படி காலை 10 மணிக்கு. நமக்கு அது ஜூனிலும் அக்டோபரிலும் திங்கள் இரவு 10.30, பிப்ரவரியில் 11.30. திங்கள் காலையிலேயே தேடிவிட்டு ஏமாந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. விழா முடிந்ததும் டெமோவை எடுத்துவிடும் ஸ்டுடியோக்களும் நிறைய. அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால் போச்சு.

பட்டன் இருக்கிறது, ஆனால் "ரிக்வெஸ்ட் ஆக்சஸ்" என்கிறதா? அது டெமோ இல்லை, பிளேடெஸ்ட், அதாவது சோதனை ஆட்டம். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். எர்லி ஆக்சஸ், அதாவது முழுசாக முடியும் முன்பே விடும் கேம் என்றால் அது பெரும்பாலும் விலைக்கு. 2024 ஜூலையிலிருந்து ஒரு டெமோவுக்குத் தனிக் கடைப்பக்கமே வைக்கலாம் என்று ஸ்டீம் மாற்றியிருப்பதால், முழு கேமின் பக்கத்தில் தேடிக் கிடைக்காதது தனிப் பக்கத்தில் இருக்கலாம்.

ஸ்டீமே திறக்கவில்லை என்றால் விண்டோஸ் எது என்று பாருங்கள். விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் 2024 ஜனவரி 1-இலும், 32 பிட் விண்டோஸ் 10-க்கு 2026 ஜனவரி 1-இலும் ஆதரவு நின்றுவிட்டது. புது விண்டோஸ் போடுவதைத் தவிர இதற்கு வேறு வைத்தியம் கிடையாது.

"பாதியில நின்னுடுது"

எங்கள் பக்கத்துத் தனி வியாதி இது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறவர்கள் கவனியுங்கள். தமிழ்நாடு ஒரு தொலைபேசி வட்டம், கேரளா இன்னொன்று. புளியரை தாண்டி கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் வரைக்கும் போன் ஒரு நேரம் இந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் அந்தப் பக்கத்தை. மாறுகிற நொடியில் இணைப்பு அறும், ஸ்டீமில் வேகம் பூஜ்யத்துக்கு வந்து அப்படியே உட்காரும். போனில் மொபைல் நெட்வொர்க் அமைப்புக்குள் போய், தானாகத் தேர்ந்தெடுப்பதை அணைத்து, பட்டியலில் உங்கள் வட்டத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். போனை மேசையில் வைக்காமல் ஊர்ப்பக்கம் பார்த்த ஜன்னலில் வையுங்கள். வேலை முடிந்ததும் பழையபடி மாற்ற மறந்தால், மலை ஏறும்போது போன் ஊமையாகிவிடும். நான் ஒரு தடவை தென்மலை வரை அப்படியே போயிருக்கிறேன். வீட்டில் கிடைத்த மரியாதையை இங்கே எழுத முடியாது.

பிராட்பேண்ட் வைத்திருந்தும் நிற்கிறதா? ஸ்டீம் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதியில் டவுன்லோட் ரீஜியனைப் பாருங்கள். சென்னை இருந்தால் மும்பைக்கு, மும்பை இருந்தால் சென்னைக்கு மாற்றிப் பார்க்கலாம். விழாவின் முதல் ராத்திரி இது கைகொடுக்கும். அங்கேயே டவுன்லோட் கேஷை, அதாவது ஸ்டீம் சேர்த்துவைத்திருக்கும் தற்காலிகத் தகவல்களை, அழிக்கும் பட்டனும் இருக்கிறது. அதை அழுத்தினால் ஸ்டீம் உங்களை வெளியேற்றும், பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

"100 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தேன், 12 தான் காட்டுது" என்பது பிழையே இல்லை. பிளான் பிட் கணக்கு, காட்டுவது பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட், எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை.

வேகம் பூஜ்யம், ஆனால் டிஸ்க் கோடு மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். அமுக்கி வந்த கோப்புகளை அது விரித்துக்கொண்டிருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆகும். நடுவில் நிறுத்தி நிறுத்தித் தொடங்குவதுதான் அதைக் கெடுக்கும்.

அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவம் ஏறினால் கணவாய்க் காற்று மரக்கிளையை வயரில் சாய்க்கும், கரண்ட் போகும், வரும், திரும்பப் போகும். இறங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், மறுபடி திறந்தால் "டிஸ்க் ரைட் எர்ரர்" என்றோ "கரப்ட்" என்றோ வந்தால், லைப்ரரியில் அந்த டெமோவின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், அதில் கோப்புகளைச் சரிபார்க்கும் வெரிஃபை. கெட்டுப்போன துண்டை மட்டும் அது திரும்ப இறக்கும். அதுவும் தீர்க்கவில்லையென்றால் ஸ்டீமை மூடிவிட்டு, ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டவுன்லோடிங் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இதே செய்தி டிஸ்க்கில் இடம் இல்லாவிட்டாலும், ஆன்டிவைரஸ் கோப்பைப் பிடித்துவைத்திருந்தாலும் வரும். எல்லாம் பார்த்தும் திரும்பத் திரும்ப வந்தால் ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறது என்று அர்த்தம் எடுத்து, முதலில் வீட்டுப் போட்டோக்களைக் காப்பி எடுங்கள். கேம் அப்புறம்.

"கூட்டாளி பென்டிரைவ்ல குடுத்தான், ஏற மாட்டேங்குது"

1993-இல் டூம் கேமின் முதல் பகுதியை இலவசமாகவே விட்டார்கள், கைக்குக் கை காப்பி செய்து கொடுத்துக்கொள்ளச் சொல்லி. அந்த வழக்கம் லயத்து வீடுகளில் இன்னும் உயிரோடு இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். இங்கே வரும் சிக்கல் ஒன்று: பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒற்றைக் கோப்பு ஏறாது, இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பதை நான் சொன்னதாக இருக்கட்டும்.

ஒரே வைஃபையில் இரண்டு கம்ப்யூட்டரும் இருந்தால் பென்டிரைவே வேண்டாம். 2023-இலிருந்து ஸ்டீமில் உள்ளூர் நெட்வொர்க் வழியாகக் கோப்பை மாற்றும் வசதி இருக்கிறது. இரண்டு பேரும் ஸ்டீமில் நண்பர்களாக இருந்து, டவுன்லோட்ஸ் பகுதியில் நண்பர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டால், நீங்கள் இன்ஸ்டால் அழுத்தியதும் இணையத்துக்குப் போகாமல் கூட்டாளியின் டிஸ்க்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

"டபுள் கிளிக் பண்ணா ஒண்ணுமே ஆகல"

இட்ச் ஐஓ மாதிரி, சின்ன கேம்கள் கிடைக்கும் தளத்திலிருந்து இறக்கினீர்களா? ஜிப் கோப்பைத் திறந்து உள்ளேயே இருந்து ஓட்டுகிறீர்களா? அதுதான். விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிகமாக வெளியே எடுக்கும், அதன் பக்கத்தில் இருக்க வேண்டியவை எதுவும் கூட வராது. யூனிட்டி என்ற எஞ்சினில், அதாவது கேம் செய்யும் மென்பொருளில், செய்த கேம் என்றால், பக்கத்தில் டேட்டா ஃபோல்டர் இல்லை என்று அதுவே புலம்பும். வலது கிளிக், எக்ஸ்ட்ராக்ட் ஆல். எடுத்த பிறகும் கேம் கோப்பை மட்டும் டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போடாதீர்கள், ஷார்ட்கட் போடுங்கள்.

டிஎல்எல், அதாவது கேம் ஓடத் தேவையான துணைக் கோப்பு, காணோம் என்று வந்தால் பெயரைப் படியுங்கள். விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பு வேண்டும். 64 பிட், 32 பிட் இரண்டையும் போட்டுவிடுங்கள், கெடுதல் இல்லை. எக்ஸ்இன்புட் 1_3 என்றால் டைரக்ட்எக்ஸின் 2010 ஜூன் தொகுப்பு. அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் ஏதோ தளத்திலிருந்து எடுத்துப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். அப்படிப் போட்டு வந்த மெஷின்களை நான் கழுவியிருக்கிறேன்.

"நீலமா ஒரு கட்டம் வந்து மிரட்டுது"

விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் அது. நிரலுக்குக் கையொப்பச் சான்றிதழ் வாங்கப் பணம் ஆகும். தனியாளாகக் கேம் செய்கிறவர் பலர் வாங்குவதில்லை. அதனால் கட்டம் வந்தது என்பதாலேயே கேம் திருட்டுச் சரக்கு ஆகிவிடாது. செய்தவரின் சொந்தப் பக்கத்திலிருந்து நீங்களே தேடி எடுத்தது என்றால் மோர் இன்ஃபோ, அதன் பிறகு ரன் எனிவே.

ஆனால் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் யாரோ வந்து, "நான் ஒரு கேம் பண்ணியிருக்கேன், ஓட்டிப் பாத்து சொல்லு ப்ரோ" என்று பாஸ்வேர்டு போட்ட ஜிப் அனுப்பினால், அனுப்பியது தெரிந்த பெயராக இருந்தாலும் திறக்காதீர்கள். பாஸ்வேர்டு போடுவதே ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. கூட்டாளியின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும், அடுத்தது உங்களுடையது. ஸ்டீமில் இருந்தால் மட்டும் முழுப் பாதுகாப்பு என்றும் இல்லை. 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்ற இலவச கேமில் திருட்டு நிரல் இருந்தது தெரிந்து ஸ்டீம் அதை நீக்கியது. ஓட்டியவர்களுக்கு விண்டோஸையே புதிதாகப் போடுவது பற்றி யோசிக்கச் சொல்லிச் செய்தியும் அனுப்பியது.

"தமிழ்ல பேர் வச்சேன், அதிலேர்ந்து இப்படித்தான்"

ஒரு அக்கா மகனுக்குப் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்து, ஆசையாக விண்டோஸ் கணக்கைத் தமிழில் அவன் பெயரிலேயே தொடங்கியிருந்தார். எல்லாம் ஓடியது, சில டெமோக்களைத் தவிர. அவை திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. மூன்று நாள் மண்டை காய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பயனர் பெயரில்தான் சி டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாகிறது. கேம்கள் சேவ் கோப்புகளையும் அமைப்புகளையும் பெரும்பாலும் அதற்குள்தான் எழுதும். ஆங்கில எழுத்தைத் தவிர வேறொன்று பாதையில் வரும் என்று சில கேம்களின் நிரல் நினைத்தே பார்த்திருக்காது. தமிழ் எழுத்தைக் கண்டதும் விழுந்துவிடும்.

சோதிப்பது சுலபம். ஆங்கில எழுத்தில் இரண்டாவதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கி, அதற்குள் போய் அதே டெமோவை ஓட்டுங்கள். ஓடினால் காரணம் பெயர்தான். பழைய கணக்கின் காட்சிப் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, உள்ளே ஃபோல்டர் பெயர் பழையதாகவே இருக்கும். ஜிப்பை விரிக்கும் ஃபோல்டருக்கும் இதே விதி. "புது கேம்" என்று தமிழில் பெயர் வைத்த ஃபோல்டரிலிருந்து எடுத்து வேறிடத்தில் போட்டதும் ஓடிய டெமோக்களைப் பார்த்திருக்கிறேன். அக்காவிடம், "தமிழ்ல பேர் வச்சது தப்பு இல்லக்கா, கேம் எழுதினவங்க தப்பு" என்றுதான் சொன்னேன். அதுதான் உண்மையும்கூட.

கேமுக்குள் உங்கள் பாத்திரத்துக்குத் தமிழில் பெயர் கொடுத்தால் கட்டம் கட்டமாக வருவது வேறு பிரச்சினை. அந்த கேமின் எழுத்துருவில் தமிழ் இல்லை. எழுத்து வந்து கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் எழுத்துரு இருக்கிறது, ஆனால் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் பகுதி இல்லை. இதைச் சோதிக்க எங்கள் ஊர்ப் பெயரைவிட நல்ல சொல் கிடையாது. செங்கோட்டை: செ, கோ, டை என்று மூன்று எழுத்துக்கும் முன்னால் ஒரு குறி வந்தாக வேண்டும். மூன்றும் சரியாக நின்றால் அந்த கேம் தேறிவிட்டது. கோடோ 4 என்ற எஞ்சினில் செய்த கேம்களில், எழுத்துருவைச் சேர்த்துவிட்டால், பெரும்பாலும் நிற்கும், அந்த எஞ்சினுக்குள்ளேயே அதற்கான ஏற்பாடு இருக்கிறது. நிற்காததை நம்மால் சரிசெய்ய முடியாது. செய்தவருக்கு ஒரு படத்தோடு எழுதலாம்.

"சத்தம் வருது, படம் வரல"

முதல் தடவை என்றால் இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள், முழுத்திரையிலிருந்து ஜன்னலுக்கு மாறி படம் வந்துவிடுவது உண்டு. லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதில் கிராஃபிக்ஸ், அதில் அந்த கேமைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள்.

டைரக்ட்எக்ஸ் 12 இல்லை என்று செய்தி வந்தால், அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் பலவற்றுக்கு ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷன்ஸில் ஒரு ஹைபன் போட்டு, இடைவெளி விடாமல் டி எக்ஸ் 11 என்று சின்ன ஆங்கில எழுத்தில் அடித்தால் பழைய வழியில் திறக்கும். நான்காம் தலைமுறை இன்டெல் சிப்பின் உள் கிராஃபிக்ஸை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதை அவசியம் பாருங்கள். பாதுகாப்புக் குறை ஒன்றுக்காக 2020-இல் வந்த டிரைவரிலிருந்து அந்தச் சிப்புகளில் டைரக்ட்எக்ஸ் 12-ஐ இன்டெலே நிறுத்திவிட்டது. போன வருடம் ஓடியது இப்போது ஓடவில்லை என்று அவர்கள் குழம்புவதில் தப்பில்லை.

"திணறுது"

எப்போது திணறுகிறது என்பதைச் சொல்லுங்கள், அதில்தான் விடை. புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் ஒரு வெட்டு வெட்டி, அதே இடத்துக்கு மறுபடி போனால் சரியாக இருந்தால் ஷேடர்கள், அதாவது படத்தை வரையும் சின்ன நிரல்கள், அப்போதுதான் தயாராகின்றன. இரண்டாவது ஆட்டத்தில் குறையும். கரண்ட் போனதும் திணறினால் லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துவிட்டது. அரை மணி நேரம் நன்றாக ஓடி பிறகு திணறினால் சூடு. தூசி தட்டுங்கள், மெத்தையில் வைத்து ஆடாதீர்கள். தொடக்கத்திலிருந்தே, எல்லா இடத்திலும் திணறினால் கேமின் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் தெளிவை, 720-க்கு இறக்குங்கள். அப்படியும் ஓடவில்லை, டாஸ்க் மேனேஜரில் மெமரி நிரம்பி வழிகிறது என்றால், சரி, இப்போது ரேம் பற்றிப் பேசலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: டெமோ, முழு கேம் வரும் முன் அவசரமாகக் கட்டிய பொட்டலம். வேகத்துக்கு மெருகேற்றும் வேலை கடைசியில்தான் நடக்கும். டெமோ திணறியதை வைத்து முழு கேமும் திணறும் என்று முடிவு கட்டிவிட முடியாது.

"ஜாய்ஸ்டிக் வேலை செய்யல"

விலை குறைந்த கேம்பேடுகள் பழைய டைரக்ட்இன்புட் முறையில் பேசும். புது கேம்கள் பல எக்ஸ்இன்புட் மட்டுமே கேட்கும். பேடின் பின்னால் டி, எக்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் எக்ஸுக்குத் தள்ளுங்கள். இல்லையென்றால் ப்ராப்பர்ட்டீஸில் கன்ட்ரோலர் பகுதியில் ஸ்டீம் இன்புட்டை இயக்குங்கள். ஒரு பட்டனுக்கு இரண்டு தடவை குதித்தால் அதையே அணையுங்கள். பாத்திரம் தானாக ஒரு பக்கம் நடந்தால், செருகிவைத்து மறந்துபோன வேறொரு பேடு எங்கோ மேசைக்கு அடியில் சாய்ந்து கிடக்கும்.

"சேவ் போச்சுண்ணே"

ஸ்டீமில் டெமோவும் முழு கேமும் தனித்தனி எண் கொண்ட இரண்டு பொருள்கள். டெமோவில் விட்ட இடத்திலிருந்து முழு கேம் தொடருமா என்பது செய்தவர் முடிவு. கடைப்பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக்கு நீங்களே ஒரு காப்பி எடுத்துவைக்கலாம். யூனிட்டி கேம்கள் பெரும்பாலும் உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல்லோ, அதற்குள் ஸ்டுடியோ பெயரில் வைத்திருக்கும். அன்ரியல் கேம்கள் லோக்கல் ஃபோல்டரில் சேவ்டு என்ற பெயரில். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் சேவ் ஆகாமலே போகிறதா? விண்டோஸ் செக்யூரிட்டியில், தெரியாத நிரல்கள் ஃபோல்டரில் எழுதுவதைத் தடுக்கும் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் இயங்குகிறதா பாருங்கள். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் போட்டுவைத்திருப்பார்.

கேம் ஓடும்போது நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் கோப்பும் ஆப்டேட்டாவின் அதே ஃபோல்டர்களில்தான் பெரும்பாலும் இருக்கும். யூனிட்டியில் பிளேயர் லாக் என்ற பெயர். மேலே எதுவும் தீர்க்காத பிழையென்றால் அந்தக் கோப்பு, விண்டோஸ் எது, கிராஃபிக்ஸ் எது, பிழை வருவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்ற நாலு வரி, இவற்றைச் செய்தவருக்கு அனுப்புங்கள். அரைகுறை ஆங்கிலம் போதும். "நாட் வொர்க்கிங்" என்று மட்டும் எழுதினால் அவரும் என்னைப் போல முழிப்பார்.

"பாலத்தத் தாண்டுனா மூடிக்குது"

கழுதுருட்டியிலிருந்து ஒரு பையன். மழையில் நனைந்த துண்டு, அதற்குள் சிபியு. கேமில் ஒரு ஆற்றுப் பாலம் வருமாம். தாண்டிய உடனே திரை இருண்டு மெனுவுக்கு வந்துவிடுமாம். ஏழெட்டு தடவை முயன்றிருக்கிறான், வெரிஃபை செய்திருக்கிறான், அழித்து மறுபடி இறக்கியிருக்கிறான். ஊரில் பதிமூன்று கண் பாலத்துக்குப் பக்கத்தில் வீடு என்பதால் கேமில் பாலம் வந்ததும் ஒரே குஷியாம், அதனால் விட மனசில்லை.

மாட்டி ஓட்டினோம். பாலம் வந்தது, தாண்டினோம், திரை இருண்டது. இருட்டின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி, இரண்டே நொடி. அவன் வீட்டுப் பழைய டிவியில் ஓரம் வெட்டுப்பட்டு அந்த வரி தெரியாமலே போயிருக்கிறது. என் மானிட்டரில் தெரிந்தது: டெமோ இத்துடன் முடிந்தது, விளையாடியதற்கு நன்றி.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பக்கம் என்னண்ணே இருக்கும்?" என்றான். தெரியாது என்றேன். விஷ்லிஸ்ட் பட்டனை அவனே அழுத்தினான். டிவியில் ஓரத்தை வெட்டாமல் காட்டும் அமைப்பு எங்கே இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, காய்ந்த துண்டு ஒன்றில் சிபியுவைச் சுற்றி ஆறு மணி புனலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.